அடிவானத்தில் ஒரு கப்பல்

கடலை வரைந்த படங்களில் பார்ப்பவனுக்கு வழக்கமாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். கரை மணலோ, பாறை முனையோ, கப்பலின் மேல்தளமோ, கால் வைக்க ஏதோ ஒன்று. அங்கே நின்றுகொண்டு நாம் அலையைப் பார்க்கலாம், அஸ்தமனத்தைப் பார்க்கலாம், மூழ்கும் கப்பலைக்கூடப் பார்க்கலாம். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1899இல் வரைந்த 'வளைகுடா நீரோட்டம்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தில் அந்த இடம் கிடையாது. படத்தின் கீழ் விளிம்பில் தண்ணீர்தான் இருக்கிறது. தண்ணீரில் சுறாக்கள் இருக்கின்றன. அந்தப் படத்தைப் பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்று யோசித்தால், சுறாக்களோடு நிற்கிறான் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஒரு விஷயம்தான் என்னை அந்த ஓவியத்திடம் திரும்பத் திரும்ப இழுத்தது. இன்னொருவனின் ஆபத்தை அழகாக வரையலாமா, வரைந்ததை ரசிக்கலாமா என்ற பழைய கேள்வியை அது வேறு மாதிரி கேட்கிறது. ரசிக்கிறாயே, எங்கே நின்று ரசிக்கிறாய் என்று கேட்கிறது.

முதலில் படத்தைப் பார்த்துவிடுவோம். பெரிய படம் இல்லை. உயரம் 71 சென்டிமீட்டர், அகலம் 125 சென்டிமீட்டர் அளவு. 1906இலிருந்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு சின்னப் படகு, நம் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. சாய்ந்திருப்பதால் தளம் முழுக்க நம் கண்ணுக்குத் தெரிகிறது. பாய்மரம் அடியோடு முறிந்துவிட்டது. சுக்கான் இல்லை. பாய்த்துணி சுருண்டு கிடக்கிறது, கயிறுகள் கிடக்கின்றன, கரும்புக் கழிகள் சிதறியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே சட்டையில்லாத ஒரு கறுப்பின மனிதன் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து கிடக்கிறான். தலையைத் திருப்பி, படத்தின் சட்டகத்துக்கு வெளியே வலப்பக்கம் எதையோ பார்க்கிறான். நம்மைப் பார்க்கவில்லை. சுறாக்களையும் பார்க்கவில்லை.

அடிவானம் படத்தின் மேல் பகுதியில் இருக்கிறது. அதனால் கடல்தான் படத்தின் பெரும்பகுதி. அலைக்குழிகளில் கருநீலம், முகடுகளில் வெளுத்த பச்சை, சுறாக்களைச் சுற்றி அங்கங்கே சிவப்புத் தெறிப்புகள். வலது மேல் மூலையில் கடலையும் வானத்தையும் இணைக்கும் ஒரு நீர்த்தாரை, அதாவது கடல்மேல் எழும் சுழற்காற்று. இடது பக்கம் பறக்கும் மீன்கள் துள்ளுகின்றன. இடது மேல் மூலையில், மங்கலாக, ஒரு பாய்க்கப்பல்.

ஆக, முன்னால் சுறா, வலப்பக்கம் புயல், இடப்பக்கம் கப்பல், மூன்றுக்கும் நடுவில் அவன். கப்பல் ஒரு மூலையில், அவன் பார்வை எதிர் மூலையில். அந்தக் கப்பல் இருப்பது அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். இந்த அமைப்பிலேயே ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிகிறது, ஆனால் சொல்ல முடியாது.

*

ஹோமர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து கற்பனை செய்தவர் இல்லை. 1884-85 குளிர்காலத்தில் பஹாமாஸுக்கும் கியூபாவுக்கும் போனார். 1898-99 குளிர்காலத்தில் மறுபடியும் பஹாமாஸ் போனார். கரீபியக் கடலின் வெந்நீர் யுகடான் நீரிணை வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குள் புகுந்து, கியூபாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் நடுவே வெளியேறி, அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. அதுதான் வளைகுடா நீரோட்டம். மரமும் சுக்கானும் போன படகு அதில் சிக்கினால் கரையைவிட்டு விலகி வடக்கே போய்க்கொண்டே இருக்கும்.

ஓவியம் காட்சிக்கு வந்தபோது பார்த்தவர்களுக்கு நிம்மதி இல்லை. இவன் கதி என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சில பெண்மணிகள் ஓவிய வியாபாரி மூலமாக விளக்கம் கேட்டதற்கு ஹோமர் 1902இல் எரிச்சலோடு பதில் எழுதினார். அதன் சாரம் இது: படத்தின் பொருள் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. நான் அந்த நீரோட்டத்தைப் பத்து முறை கடந்தவன். படகும் சுறாவும் அவ்வளவு முக்கியமில்லாத வெளி விஷயங்கள். அந்தப் பெண்மணிகளிடம் சொல்லுங்கள், அவன் காப்பாற்றப்பட்டு வீடு போய்ச் சேர்ந்து சுகமாக வாழ்வான்.

கேலிதான். ஆனால் கேலிக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. அவன் பிழைத்தானா என்று நாம் கேட்பது யாருக்காக? அவனுக்காகவா, இன்றைக்கு ராத்திரி நாம் தூங்குவதற்காகவா? முடிவு தெரிந்துவிட்டால் படத்தை விட்டு நகர்ந்துவிடலாம். அடுத்த அறையில் பூங்கொத்து ஓவியங்கள் இருக்கும். அந்த வசதியை ஹோமர் தர மறுத்தார்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. 1900இல் முதலில் காட்சிக்கு வைத்த பிறகு ஹோமர் இந்தப் படத்தில் மறுபடியும் கை வைத்திருக்கிறார். அடிவானத்துக் கப்பல் அப்போது சேர்த்ததுதான். கடிதத்தில் கேலி செய்தவரே, படத்தில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். கொஞ்சம்தான். கப்பலை வரைந்தார், ஆனால் அவனை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைக்கவில்லை.

*

தத்துவம் இந்தக் காட்சியை ரொம்ப நாளாகவே பேசியிருக்கிறது. ரோமானியக் கவி லுக்ரீஷியஸ், கொந்தளிக்கும் கடலில் இன்னொருவன் படும் பாட்டைக் கரையிலிருந்து பார்ப்பதில் ஓர் இனிமை உண்டு என்றார். பிறர் துன்பம் இனிப்பதில்லை, அந்தத் துன்பம் நமக்கு இல்லை என்கிற அறிவே இனிக்கிறது என்று உடனே விளக்கமும் சொன்னார். கான்ட் 1790இல், புயலும் எரிமலையும் நமக்குள் பெருவியப்பை எழுப்ப வேண்டுமானால் நாம் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்றார். இருவருக்கும் கரை வேண்டியிருக்கிறது. கரை இல்லாமல் அந்த அழகியல் நிற்காது.

நம் மரபிலும் கரை உண்டு. ஆனால் அதில் நிற்கிறவர் வேறு. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். கடலும் பொழுதும் முதற்பொருள், சுறாவும் உப்பும் மீனவரும் கருப்பொருள். இவை எதுவும் தனியாக நிற்பதில்லை, உரிப்பொருளுக்காகவே வருகின்றன. நெய்தல் பாட்டில் கரையில் நிற்கிறவள் பெரும்பாலும் காத்திருக்கிறவள். வராதவனோடு அவளுக்கு உறவு இருக்கிறது. அவளுக்குக் கடல் வெறும் காட்சியாக இருக்க முடியாது. லுக்ரீஷியஸின் கரைக்கும் நெய்தலின் கரைக்கும் மணல் ஒன்றுதான், நிற்கிறவர்களின் உறவுதான் வேறு.

அப்படியென்றால் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்கலாம். அழகாக வரைவது தப்பா என்பதைவிட, பார்க்கிறவனுக்கும் பார்க்கப்படுகிறவனுக்கும் இடையே அந்தப் படம் ஏதாவது உறவை உண்டாக்குகிறதா என்று கேட்கலாம்.

*

நான் ராதாபுரத்துக்காரன். எங்கள் ஊர் கடல் பக்கம்தான், ஆனால் கடற்கரை ஊர் இல்லை. செம்மண், பனை, காற்றாலை, பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் இந்த வருசமாவது வருமா என்கிற பேச்சு, இதுதான் எங்கள் உலகம். கூட்டப்புளியும் இடிந்தகரையும் கூத்தங்குழியும் பஸ் ஏறினால் வந்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் 'கடக்கரைக்காரன்' என்று சொல்லும்போது குரலில் ஒரு சின்ன மாற்றம் வரும். கேட்டவர்களுக்குத் தெரியும். மீன்கூடையோடு பஸ்ஸில் ஏறுகிற அம்மாவுக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும். அந்த மீன் மத்தியானம் எல்லார் வீட்டுக் குழம்பிலும் இருக்கும். சாயங்காலம் அதே ஆட்கள் கடலைப் பார்க்கப் போவோம், செல்பி எடுப்போம். பின்னணியில் வள்ளம் ஒன்று இருந்தால் படம் நன்றாக வரும்.

எனவே லுக்ரீஷியஸின் கரை எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் மட்டுமில்லை. நான் பிறந்து வளர்ந்த தூரம் அது.

போன வருசம் கூட்டப்புளியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சியிடம் இந்த ஓவியத்தைப் போனில் காட்டினேன். நாற்பது வருசத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முதலில் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"எந்த ஊரு போட்டு இது, தம்பி?"

படகின் பின்புறம் எழுத்து இருக்கிறது, 'அன்னா, கீ வெஸ்ட்' என்று. படகின் பெயரும் அதன் துறையும். வாசித்துச் சொன்னேன்.

"அன்னம்மா பேரா, சரி. போட்டுக்குப் பேரு இருக்கு. ஆளு பேரு என்ன?"

"ஆள் பேரு இல்ல அண்ணாச்சி. படத்துல எங்கயும் இல்ல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"மரம் முறிஞ்சிட்டு. சுக்கானும் போச்சி. ஆனா கயிறு கெடக்கு பாரு, பாய் கெடக்கு. ஒண்ணுமில்லாம இல்ல. கரும்பு வச்சிருக்கான், சவைச்சா நாக்கு நனையும். இவன் ஏன் படுத்துக் கெடக்கான்னு நெனைக்க? பயந்து போயி இல்ல. வெயில்ல எந்திச்சி நின்னா இருக்குற தண்ணியும் வேர்த்துப் போவும். தெம்ப மிச்சம் பிடிக்கான்."

"எங்க பாக்கான் அண்ணாச்சி?"

"நீவாடு எங்க இழுக்குன்னு பாக்கான், இல்ல காத்து எப்பத் திரும்பும்னு பாக்கான். வேற எத பாப்பான்? சுறாவ பாத்து என்ன செய்ய?"

கப்பலைக் காட்டினேன். சிரித்தார். "அவனுக்கு இவனத் தெரியாது தம்பி. அவ்வளவு ஒசரத்துல இருந்து பாத்தா நம்ம போட்டும் ஒரு அலைதான். ராத்திரி ஆச்சின்னா நாமதான் லைட்டக் காட்டி ஒதுங்கணும்."

ஓவிய விமர்சனத்தில் இந்தப் படத்தின் மனிதனை விதியிடம் தன்னை ஒப்படைத்தவனாக, மரணத்துக்குக் காத்திருப்பவனாக வாசிப்பது சகஜம். படகை மிதக்கும் சவப்பெட்டி என்றும் கயிறுகளைச் சாவின் குறி என்றும் சொல்வார்கள். கூட்டப்புளி வாசிப்பில் கயிறு கயிறுதான். கட்ட உதவும். அவன் படுத்திருப்பதும் ஒரு வேலை. நாம் எதைத் துயரத்தின் அழகு என்று பார்த்தோமோ அதை அவர் தொழிலாகப் பார்த்தார். இரண்டில் எது அந்த மனிதனுக்கு அதிக மரியாதை தருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், ஹோமரின் தூரிகை இந்த வாசிப்புக்கு இடம் தருகிறது. படகும் சுறாவும் முக்கியமில்லை என்று கடிதத்தில் எழுதியவர், படத்தில் கயிற்றையும் கரும்பையும் பாயையும் அக்கறையோடு வரைந்து வைத்திருக்கிறார். படகைத் தெரியாதவன் வரைந்த படகில் ஒரு மீனவனால் இவ்வளவு வாசிக்க முடியாது. எழுதிய கை சொன்னதை நம்பாமல், வரைந்த கை சொல்வதை நம்பலாம்.

*

கரும்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரீபியத் தீவுகளில் கரும்பு என்பது வெறும் பயிர் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கானோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டது முதன்மையாக அதற்காகத்தான். கொண்டுவரும் வழியில் கடலில் வீசப்பட்டவர்கள் உண்டு. 1781இல் ஸோங் என்ற கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்டோரை உயிரோடு கடலில் எறிந்தார்கள். பிறகு சரக்கு நஷ்டம் என்று காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். அந்த மாதிரிக் கொடுமையைத்தான் டர்னர் 1840இல் 'அடிமைக் கப்பல்' ஓவியத்தில் வரைந்தார். தங்கமும் சிவப்புமாக எரியும் அந்திவானம், அலைகளுக்கு நடுவே விலங்கு பூட்டிய ஒரு கால். மகத்தான படம். ஆனால் அதில் மனிதர்கள் முழு உருவமாக இல்லை. கையும் காலுமாகத் தண்ணீருக்குள் கரைந்துவிட்டார்கள். வானம்தான் மிஞ்சுகிறது.

அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அப்போது நம்மவர்கள் போனார்கள். சென்னையிலிருந்து கயானாவுக்கும் டிரினிடாடுக்கும், புதுச்சேரி, காரைக்கால் வழியாக 1853இலிருந்து மார்த்தினிக்குக்கும் 1854இலிருந்து குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். அந்தத் தீவுகளில் இன்றும் மாரியம்மன் கோவில்கள் உண்டு. ஹோமரின் படகில் கிடக்கும் கரும்பு எந்தத் தோட்டத்துடையது என்று படத்தில் இல்லை. ஆனால் அந்தக் கடலைச் சுற்றி விளைந்த கரும்பில் நம் வியர்வையும் இருந்தது. அந்தப் படம் நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை.

டர்னருக்கும் ஹோமருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஹோமரின் படத்தில் கடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மனிதன் அதில் கரையவில்லை. அவனுக்கு முகம் இருக்கிறது, முகத்தில் யோசனை இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.

பெயரைக் கொடுத்தவர் இன்னொருவர். செயின்ட் லூசியா தீவில் பிறந்து 1992இல் நோபல் பரிசு பெற்ற டெரிக் வால்காட், தன் 'ஒமரோஸ்' காவியத்தில் அருங்காட்சியகத்தில் இந்தப் படத்தின் முன் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. படகில் கிடப்பவனைத் தன் காவியத்தின் மீனவன் அஷீலாக அங்கே அவர் அடையாளம் காண்கிறார். அமெரிக்கப் பார்வையாளர்கள் இவன் பிழைத்தானா என்று கேட்டார்கள். அந்தக் கடலின் மகன், இவன் எங்கள் ஊர்க்காரன் என்று சொன்னார். கூட்டப்புளி அண்ணாச்சி கேட்ட கேள்வியும் வால்காட் சொன்ன பதிலும் ஒன்றோடொன்று பொருந்துவதை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 2003இல் இதே தலைப்பில் ஒரு படம் வரைந்தார். அதில் ஒரு கறுப்பினக் குடும்பம் பாய்ப்படகில் உல்லாசமாகப் போகிறது, அவ்வளவுதான். கடலில் சும்மா இருக்கிற உரிமை, சாகாமல், சின்னமாகாமல், பொழுதுபோக்குகிற உரிமை. அதையும் யாராவது வரைந்தாக வேண்டியிருந்தது.

*

இதை எங்கள் கரைக்குக் கொண்டு வருகிறேன். 2012 செப்டம்பரில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் இடுப்பளவு கடலுக்குள் இறங்கி நின்றார்கள். அந்தப் புகைப்படங்கள் உலகம் முழுக்கப் போயின. உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்கள் தாலுகாவுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை, அந்த விவாதத்துக்கு நான் இங்கே போகவில்லை. அந்தப் படங்கள் அழகாக இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். நீலம், சேலைகளின் நிறங்கள், கோர்த்த கைகள். பகிர்ந்தோம். பிறகு அவர்களில் பலர் மேல் வழக்குகள் வருசக்கணக்கில் நடந்தன. நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை யாரும் அவ்வளவு அழகாகப் படம் எடுப்பதில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத் தென்கரையிலும் கடலுக்குப் போன நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. டிசம்பரில் அந்த மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அனுதாபம் கேட்டு உட்காரவில்லை. தேடுங்கள் என்றார்கள். எங்கே தேட வேண்டும் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காற்றும் நீவாடும் ஒரு வள்ளத்தை எந்தத் திசையில் எவ்வளவு இழுத்திருக்கும் என்று கணக்குச் சொல்ல அவர்களால் முடியும்.

இரக்கத்துக்கும் தேடுவதற்கும் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும். இரக்கம் இருந்த இடத்திலிருந்தே படலாம். தேட வேண்டுமென்றால் நகர வேண்டும், அதற்கு முன்னால் கேட்க வேண்டும். ஆள் பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் திசையில் போனான், கையில் என்ன இருந்தது. அழகு இந்தக் கேள்விகளுக்கு எதிரி என்று நான் நினைக்கவில்லை. உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு' எழுதிய பிறகுதான் என்னைப் போன்ற உள்நாட்டு வாசகர்கள் பலருக்குப் பரதவர் வாழ்க்கை பெயர்களோடும் காற்றுகளோடும் தெரியவந்தது. அதுவும் அழகு வழியாக வந்த அறிவுதான். கடல் அழகாக இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அந்த அழகுக்குள் இருக்கிறவனின் வேலை தெரியாமல் படம் முடிந்துவிட்டால், அங்கேதான் கோளாறு.

ஹோமர் அந்தக் கப்பலை ஏன் பிற்பாடு சேர்த்தார் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், படத்தின் சூன்யத்தைக் குறைத்து ஒரு நம்பிக்கைக் கீற்று தரத்தான் என்பது. எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. படத்தில் நமக்கு நிற்க இடமில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஓர் இடம் இருக்கிறது. பாய் முழுக்க விரித்து, சேதம் எதுவுமில்லாமல், தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறதே, அந்தக் கப்பல். அதில் இருக்கிறவர்களுக்குக் கடல் இன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். யாராவது ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுகூட இருக்கலாம். நடுக்கடலில் ஒரு புள்ளி தெரிகிறது, அலையா, படகா? பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிட்டு அவர் அதைக் கேட்பாரா என்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே கேள்வி.